ஐடல்மாஸ்டர்: பயிற்சி கொடுத்தும் ஆடிஷனில் தோற்பது ஏன்?

கேள்வி:
எக்ஸ்பாக்ஸ் 360-க்கு 2007-இல் வந்த 'தி ஐடல்மாஸ்டர்', 'ஐடல்' எனப்படும் இளம் பாடகிகளைத் தயாரிப்பாளராக இருந்து வளர்க்கும் ஆட்டம். அதில் கிசராகி சிஹாயாவைத் தேர்ந்தெடுத்து, பாட்டுதான் அவருடைய பலம் என்பதால் வாரந்தவறாமல் குரல் பயிற்சியே கொடுத்து வருகிறேன். ஆடிஷன் என்னும் தேர்வுப் போட்டியிலும் குரலுக்கான பொத்தானையே அழுத்தி முன்னிலைக்கு வந்துவிடுகிறேன். ஆனால் கடைசிச் சுற்றில் குரல் நடுவர் எழுந்து போய்விட, சேர்த்த நட்சத்திரங்கள் அத்தனையும் மறைந்துவிடுகின்றன. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
குரல், நடனம், தோற்றம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி நடுவர்கள் இருக்கிறார்கள். ஒருவரையே ஓயாமல் கவர முயன்றால் அவருக்குச் சலிப்புத் தட்டும். அவர் வெளியேறினால் அவர் கொடுத்த நட்சத்திரங்கள் உங்களுக்கும் சரி, போட்டியாளர்களுக்கும் சரி, கணக்கில் வராது. போட்டியாளர்களின் முயற்சிகளும் அதே சலிப்பைக் கூட்டுவதால், நடுவரின் ஆர்வம் குறைவதைக் கண்டவுடன் நடனத்துக்கோ தோற்றத்துக்கோ மாறிவிடுங்கள். அந்த வாரம் மக்களிடையே எது செல்வாக்குப் பெற்றிருக்கிறது என்பதையும் ஆடிஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கிடைக்கும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை அதைப் பொறுத்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பயிற்சிக்காக உரையாடல் காட்சிகளைத் தள்ளிவிடுகிறீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சிஹாயா தயக்கத்துடன் ஒரு கேள்வி கேட்கும்போது நீங்கள் பொருத்தமாகப் பதில் சொன்னால் அது 'நினைவு' ஆகச் சேர்கிறது. மேடையில் அந்த நினைவைப் பயன்படுத்தினால் மூன்று நடுவர்களையும் ஒரே நேரத்தில் ஈர்க்கலாம். இந்த ஆட்டத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது என்பேன்: பயிற்சி அறையில் வளர்வது திறமை மட்டுமே, இக்கட்டில் கைகொடுப்பது அந்தப் பெண்ணுடன் நீங்கள் பேசிய பேச்சு.

மறுமொழி 3:
நடுவர்களின் இந்தக் கண்டிப்பு, இதே ஆட்டத்தின் முந்தைய ஆர்கேட் (விளையாட்டுக் கூட இயந்திர) வடிவத்திலிருந்து வந்தது. நாம்கோ நிறுவனம் 2005 ஜூலையில் இதை ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் வைத்தபோது, முன்னேற்றம் காந்த அட்டையில் பதிவானது. தொடுதிரையில் ஆடியவர்கள் வேறு ஊர்க் கூடங்களில் இருந்தவர்களுடன் இணையம் வழியாக ஆடிஷனில் மோதினார்கள். ஐடலிடமிருந்து கைப்பேசிக்கு மின்னஞ்சலும் வந்தது. எதிரில் இருந்தவர்களும் மனிதர்களே என்பதால், தாமும் நட்சத்திரம் இழந்தாலும் பரவாயில்லை என்று நடுவரை வேண்டுமென்றே வெளியேற்றும் உத்திகூட உருவானது. (ஆட்டத்துக்குள் வரும் ஐடல் நிறுவனத்தின் பெயரில் உள்ள 765-ஐ ஜப்பானிய எண் ஒலிகளில் படித்தால் 'நா-மு-கோ' என்று வருவதைக் கவனித்தீர்களா?)

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு ஆடியபோது, ஆட்டத்தின் கணக்கில் இரண்டு வாரம் பயிற்சியைக் குறைத்து உரையாடலுக்கு ஒதுக்கினேன். கடைசிச் சுற்றில் குரல் நடுவரின் ஆர்வம் சரியத் தொடங்கியதும் நடனத்துக்கு மாறி, கையிலிருந்த ஒரே நினைவையும் பயன்படுத்தினேன். நடுவர் மூவரும் இறுதிவரை இருந்தார்கள். சிஹாயா முதலிடத்தில் தேர்வானார். உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி.