போர்ச் சீருடையில் சதுரப் புள்ளிகள் எதற்கு?

நாகமலை_மாணவன்: மதுரையில் கல்லூரியில் படிக்கும் தேசிய மாணவர் படை மாணவன் நான். 2022 ஜனவரி 15 ராணுவ நாள் அணிவகுப்பில் அறிமுகமான போர்ச் சீருடையில் பழைய இலை, கிளை வடிவங்கள் போய்ச் சிறு சிறு சதுரங்கள் வந்திருக்கின்றன. நாகமலைச் சரிவில் பாறையும் உடைமரமும் சருகும்தான் இருக்கின்றன. சதுரமாக எதுவும் இல்லை. பிறகு எப்படி அது ஆளை மறைக்கும்? விளக்குத்தூண் கடைத்தெருவில் கிடைக்கும் புள்ளித் துணியில் மலையேற்றத்துக்குச் சட்டை தைக்கலாமா?

முன்னாள்_ஹவில்தார்: தம்பி, உருமறைப்பின் முதல் வேலை இலையைப் போல் தோன்றுவதல்ல, தலை, தோள், முழங்கை என்று நம் கண் பழகி வைத்திருக்கும் விளிம்பைக் குலைப்பதுதான். பெரிய திட்டுகள் அதைத் தொலைவில் செய்துவிடும், ஆனால் கிட்டத்தில் அவை வெறும் சாயத் திட்டுகளாகவே தெரியும். திட்டின் ஓரங்களைச் சதுரங்களால் அரித்துவிட்டால் தொலைவில் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், அருகில் மண்ணும் சருகும் சிதறியது போன்ற பொடித்தோற்றம் கிடைக்கும். கனடா 1990களிலும் அமெரிக்க மரைன் படை அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் இந்த முறைக்கு மாறின.

இருந்தாலும் சதுரம் இருந்தால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். பாலை, காடு, நகரம் மூன்றுக்கும் ஒரே உடை என்று 2004இல் அமெரிக்கத் தரைப்படை அறிவித்த சாம்பல் பச்சைச் சீருடையிலும் சதுரங்கள்தாம் இருந்தன. நிறங்களுக்கிடையே போதிய வேறுபாடு இல்லாததால், சற்றுத் தள்ளி நின்றாலே உடல் முழுவதும் ஒரே வெளிறிய உருவமாகத் தெரிந்தது. 2010இல் ஆப்கானிஸ்தான் சென்ற படையினருக்கு அதற்குப் பதிலாக வழங்கப்பட்ட மல்டிகேம் வடிவத்தில் சதுரமே கிடையாது!

சாயப்பட்டறைக்காரன்: ஐயா சொன்னது பகல் கதை. இரவு நோக்குக் கருவி, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் காண்கிறது. உயிருள்ள இலை அந்த ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். சாதாரணத் துணிச் சாயங்கள் பலவும் அதை உறிஞ்சாமல் விட்டுவிடுவதால் பச்சை, பழுப்பு, கறுப்பு எல்லாம் ஒரே வெளுப்பாகி, அச்சிட்ட வடிவமே காணாமல் போய்விடும். இதனால்தான் ராணுவத் துணிக்குப் பெரும்பாலும் வாட் சாயங்களை (நீரில் கரையாமல் இழைக்குள் தங்கிவிடும் சாய வகை) தேர்ந்தெடுத்து, நிறம் நிறமாக அந்த எதிரொளிப்பை அளந்து பார்க்கிறார்கள். வெண்மையூட்டி கலந்த சலவைத்தூள் இந்தப் பண்பைக் கெடுத்துவிடும். நம் ஊர் வழக்கப்படி கஞ்சி போட்டு விறைப்பாகத் தேய்ப்பதும் அத்தகைய உடைக்கு ஆகாது.

முன்னாள்_ஹவில்தார்: சட்டைக் கேள்வி விடுபட்டுவிட்டது. நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய அந்த வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. அதை அப்படியே அச்சிட்டு விற்க எவருக்கும் உரிமையில்லை. படைவீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு அத்தகைய உடையை அணிவதும் குற்றம். மலையேற்றத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை எடுத்துக்கொள், தம்பி. வழி தவறினால் தேடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டுமல்லவா?