'இன்டென்ச்சர்' என்ற சொல்லில் பல் எங்கிருந்து வந்தது?

சாட்ஸ்வர்த்_செல்வி:
வணக்கம். நவம்பர் 16 நினைவு நாளுக்காக எங்கள் தமிழ்ப் பள்ளியில் விளக்கப் பலகைகள் தயாராகின்றன. 1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்ததிலிருந்து, 1911இல் ஆள் கொண்டுவருவது நின்றதுவரை ஒரு பலகை. அதில் அந்தக் கூலி ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரான 'இன்டென்ச்சர்' என்ற சொல்லை விளக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: கப்பல் ஏற்றுமுன் ஆட்களை வைத்திருந்த டிப்போவில் மாட்டுக்குப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்த்து ஆள் எடுத்தார்களாம், அதனால்தான் பல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாம். அகராதியைப் பார்த்தால் அங்கேயும் பல் என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியே எழுதிவிடலாமா? எந்த நூற்றாண்டில் என்ன பொருள் இருந்தது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓலைச்சுவடி:
எழுதிவிடாதீங்கம்மா. பல் உண்மை, வாய் பொய். அது பத்திரத்தின் பல்.

லத்தீனில் 'டென்ஸ்' என்றால் பல். அதிலிருந்து வந்த வினைக்கு, விளிம்பைப் பல் பல்லாக வெட்டுவது என்று பொருள். இங்கிலாந்தில் ஓர் உடன்படிக்கை எழுதும்போது ஒரே பார்ச்மென்ட் தோலில் அதே வாசகத்தை மேலொன்று கீழொன்றாக இரண்டு முறை எழுதுவார்கள். நடுவே இடைவெளி விட்டு அதில் 'சைரோகிராஃபும்' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்த எழுத்துகளின் குறுக்கே வெட்டி, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள். இப்படிப் பிரித்து எழுதுவது ஆங்கிலோ-சாக்சன் காலத்திலேயே உண்டு. முதலில் வெட்டு நேராகத்தான் இருந்தது. பிறகு அலையாகவும் ரம்பப் பல்லாகவும் வெட்டத் தொடங்கினார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்து வைப்பார்கள். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுப்பட்ட எழுத்தும் கூட வேண்டும். பொருந்தாவிட்டால் ஒன்று போலி.

அரசவை நீதிமன்றத்தில் முடியும் நில உடன்படிக்கைகளுக்கு 1195இலிருந்து மூன்று படி. மூன்றாவது, தோலின் அடிப்பகுதியில் எழுதியது, அரசுக் கருவூலத்துக்குப் போய்விடும். இரண்டு தரப்பும் கூடிப் பேசி ஏமாற்றினாலும் அடித்துண்டு காட்டிக்கொடுத்துவிடும்.

நம் சுந்தரர் கதையில் கிழவர் ஆளோலையை நீட்ட, இவர் பிடுங்கிக் கிழித்துப்போட, 'மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது' என்று வழக்குப் போகிறதல்லவா? அங்கே பாட்டனார் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அந்தச் சோதனை பயன்படாது. வெட்டுப் பல்லைப் பொருத்திப் பார்க்கக் கண் இருந்தால் போதும். அந்த முறை அத்தனை நூற்றாண்டு ஓடியதற்கு அதுவே காரணம் என்பேன்.

பத்திரப்_பித்தன்:
மேலே சொன்னது சரி. பொருள் நகர்ந்த வரிசையை நான் சொல்கிறேன்.

முதலில் வெட்டின் வடிவம். அடுத்து அப்படி வெட்டிய பத்திரம். இந்தக் கட்டத்தில் சொல்லில் தாழ்வு எதுவும் இல்லை. 1415இல் அஜின்கோர்ட் போருக்கு ஆள் திரட்டியபோது ஐந்தாம் ஹென்றி அரசன் தன் படைத் தலைவர்களோடு செய்துகொண்டதும் இன்டென்ச்சர்தான். எத்தனை வில்லாளிகள், என்ன சம்பளம் என்று எழுதி அரசனிடம் ஒரு பாதி, தலைவனிடம் ஒரு பாதி.

பிறகு தொழில் பழகும் பையன்களின் ஒப்பந்தத்துக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியதும் சாதாரணக் குடும்பங்களுக்குத் தெரிந்த இன்டென்ச்சர் என்றால் அது ஒன்றுதான் என்றாகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் கப்பல் கூலி கொடுக்க முடியாத ஆங்கிலேய ஏழைகள் நான்கிலிருந்து ஏழு ஆண்டு உழைப்பை எழுதிக்கொடுத்து வர்ஜீனியாவுக்குப் போனார்கள். அங்கே அந்தப் பத்திரத்தையே ஒருவர் இன்னொருவருக்கு விற்கலாம். சொல்லின் மதிப்பு சரிந்தது இங்கேதான். நம் ஆட்கள் கப்பல் ஏறும் முன்பே சரிந்துவிட்டது.

1834 நவம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து 36 பேருடன் அட்லஸ் கப்பல் மொரீஷியஸ் சேர்ந்தது. அடிமை முறை ஒழிகிற நேரம், தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும், கையில் பழகிய சொல் ஒன்று தயாராக இருந்தது. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கும் அதே சொல் வந்தது. மாதம் பத்து ஷில்லிங்கில் ஆரம்பச் சம்பளம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குள் பல்லே போய்விட்டது. இங்கிலாந்தின் 1845ஆம் ஆண்டு அசையாச் சொத்துச் சட்டம், பத்திரம் தன்னை இன்டென்ச்சர் என்று சொல்லிக்கொண்டால் போதும், விளிம்பை வெட்ட வேண்டியதில்லை என்றது. ட்ரூரோ புறப்பட்டது அதற்குப் பதினைந்து ஆண்டு கழித்து.

இன்று டர்பனில் 'இன்டென்ச்சர் காலத்தில்' என்கிறோம். பத்திரமே மறைந்து, ஒரு காலகட்டத்தின் பெயராகிவிட்டது. நியூயார்க்கில் கடன்பத்திரம் வெளியிடும் கம்பெனியோ இன்றைக்கும் இன்டென்ச்சர் எழுதிக் கையெழுத்துப் போடுகிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. அவர்களுக்கு அதில் ஒரு வலியும் இல்லை.

டொங்காட்_தமிழ்:
ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் பொருள்கள் கால வரிசையில்தான் வரும். முதலில் இருப்பது முக்கியமான பொருள் என்று நினைத்து எடுத்தால் வழக்கொழிந்த பொருளைப் பலகையில் எழுதிவிடுவீர்கள். வழக்கொழிந்ததற்குப் பக்கத்தில் சிறு குத்துவாள் குறி இருக்கும். கொடுத்திருக்கும் முதல் ஆண்டும் சொல் பிறந்த ஆண்டல்ல, எழுத்தில் அகப்பட்ட ஆண்டு. பழைய ஆவணங்களில் தேடும்போது 'இ'யில் தொடங்கும் எழுத்துக்கூட்டலோடு நிறுத்தாமல் 'எண்டென்ச்சர்' என்று 'எ'யில் தொடங்குவதையும் தேடுங்கள். பிரெஞ்சு வழியாக வந்ததால் அப்படியும் எழுதினார்கள்.

ஒப்பந்தக் கூலிகளிடையே வழங்கிய 'கிர்மிட்' என்பதை இதோடு குழப்ப வேண்டாம். அது 'அக்ரிமென்ட்' என்பதன் திரிபு. வேறு சொல், வேறு வேர்.

சாட்ஸ்வர்த்_செல்வி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. இன்னும் ஒன்று. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஸ்டோர்ஸுக்கு 'இன்டென்ட் போடுவது' என்கிறார்களே, அதுவும் இதன் சொந்தமா? பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளுவதும் இன்டென்ட் தானே?

ஓலைச்சுவடி:
இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு படியாக எழுதும் பத்திரம் என்பதிலிருந்து, சரக்கு கேட்டு எழுதும் ஆணைச்சீட்டு என்று கம்பெனிக்காரர்களிடையே வழங்கி, இந்திய அலுவலகங்களில் தங்கிவிட்டது. பத்தி விஷயம் 17ஆம் நூற்றாண்டு அச்சுக்கூடத்திலிருந்து வருகிறது. வரி உள்ளே போனால் ஓரம் பல் விழுந்த மாதிரி தெரியுமல்லவா? ஆனால் தகரத்தில் விழும் 'டென்ட்' சேராது. அது அடி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். ஒலி ஒற்றுமையால் பின்னால் வந்து கலந்துகொண்டது.

பத்திரப்_பித்தன்:
பெயர் மாற்றத்துக்கு இங்கிலாந்தில் எழுதும் 'டீட் போல்' இதற்கு எதிர்ப்பதம். 'போல்' என்றால் மொட்டையாக, ஒட்ட வெட்டியது. ஒரே தரப்பு எழுதுவதால் பொருத்திப் பார்க்க மறுபாதி கிடையாது, விளிம்பு நேராகவே இருக்கும்.

பலகைக்குப் படம் தேடும்போது கவனம், தங்கச்சி. இணையத்தில் முதலில் கிடைப்பது விளிம்பு அலையலையாக வெட்டிய இங்கிலாந்து நிலப் பத்திரங்கள். அதைப் போட்டுக் கீழே 'நம் முன்னோரின் ஒப்பந்தம்' என்று எழுதிவிடாதீர்கள். நேட்டாலுக்கு வந்தவர்களின் ஒப்பந்தம் அச்சிட்ட படிவம். இரண்டு படமும் போடுவதானால் தனித்தனியே ஆண்டும் ஊரும் குறியுங்கள்.