ஸ்ட்ரைக்கரே இல்லாத 4-2-4-0: பந்து எங்களிடம், கோல் எதிரணிக்கு. உதவி தேவை

காலி_ஒன்பது:

வணக்கம் நண்பர்களே. கால்பந்து அணியைப் பயிற்சியாளராக நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024-இல், இங்கிலாந்தின் நான்காம் நிலைப் பிரிவான லீக் டூவில் ஓர் அணியை நடத்திவருகிறேன். கையில் உள்ள இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் சுமாரானவர்கள். ஒருவருக்கு உயரம் உண்டு, வேகம் இல்லை. இன்னொருவருக்கு ஃபினிஷிங் இருபதுக்கு எட்டு. ஆனால் நடுக்களத்தில் அந்தப் பிரிவுக்கு மிஞ்சிய வீரர்கள் நால்வர் இருக்கிறார்கள். புதிதாக ஆள் வாங்கப் பணம் இல்லாததால், ஸ்ட்ரைக்கர் இடத்தை அப்படியே காலியாக விட்டு 4-2-4-0 (பின்களத்தில் நால்வர், முன்னால் இருவர், அதற்கு மேல் நால்வர், உச்சியில் யாருமில்லை) என்று ஒரு வியூகம் அமைத்தேன்.

மேல்வரிசையின் நடுவில் ஒரு டிரெக்வார்டிஸ்டா (சுதந்திரமாக உலவிப் பந்து வாங்குபவர்), ஒரு அட்வான்ஸ்டு பிளேமேக்கர் (பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்துபவர்). இரு ஓரங்களிலும் சப்போர்ட் பொறுப்பில் இன்வர்ட்டட் விங்கர்கள் (ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருபவர்கள்). அவர்களுக்குப் பின்னால் டீப் லையிங் பிளேமேக்கரும் (பின்னாலிருந்து பந்தைப் பகிர்பவர்) அட்டாக் பொறுப்பில் செகுண்டோ வோலான்டேயும் (பின்னாலிருந்து முன்னே ஓடி வருபவர்). ஃபுல்பேக்குகள் இருவரும் அட்டாக் பொறுப்பில் விங் பேக்குகள். தற்காப்புக் கோட்டை மிக உயரத்தில் வைத்து, பிரஸ்ஸிங்கையும் எதிரணியின் பெனால்டி பகுதி வரை கொண்டுபோயிருக்கிறேன்.

ஒன்பது ஆட்டங்களில் இரண்டு வெற்றி, இரண்டு டிரா, ஐந்து தோல்வி. பந்து பெரும்பாலும் எங்களிடமே இருக்கிறது. ஆனால் தொலைவிலிருந்து அடித்து வீணாக்குகிறோம், அல்லது விங் பேக் போடும் கிராஸ் யாருமற்ற பெனால்டி பகுதியைக் கடந்து மறுபக்கம் வெளியேறுகிறது. கடைசி ஆட்டத்தின் 31ஆவது நிமிடத்தில் எதிரணி சென்டர் பேக் ஒருவர், மாலை நடைக்குப் புறப்பட்டவரைப் போலப் பந்தோடு நடுக்கோடு வரை வந்து, எங்கள் பின்களத்துக்கு மேலாக ஒரு நீளப் பந்தைப் போட்டார். அது கோலில் முடிந்தது. அவரை எதிர்கொள்ள ஒருவரும் போகவில்லை. தவறு அடிப்படையிலேயே இருக்கிறதா, பொறுப்புகளை மாற்றினால் சரியாகிவிடுமா என்று அறிய விரும்புகிறேன்.

பெஞ்சில்_இருப்பவன்:

ஒரு ஃபால்ஸ் நைனை (பந்து வாங்கக் கீழே இறங்கி வரும் ஸ்ட்ரைக்கரை) போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுமே? 2010 அக்டோபரில் பிராகில் செக் குடியரசுக்கு எதிராகப் பயிற்சியாளர் கிரெய்க் லெவெயின் ஸ்காட்லாந்தை 4-6-0 என்று நிறுத்தி 1-0 எனத் தோற்றார். ஸ்காட்லாந்து ரசிகர்கள் அதற்காக அவரைப் பல ஆண்டுகள் சும்மா விடவில்லை.

பின்கோடு:

பெஞ்சில்_இருப்பவன் சொன்ன எடுத்துக்காட்டு பொருத்தமானதுதான். ஆனால் அந்த அணி தோற்காமல் இருப்பதற்காக அப்படி நின்றது. கேள்வி கேட்ட நண்பரோ கோல் அடிப்பதற்காக நிறுத்தியிருக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2024 பதிப்பு வரை டாக்டிக்ஸ் திரையில் நாம் வரையும் அமைப்பு, பந்து நம்மிடம் இல்லாதபோது வீரர்கள் நிற்கும் அமைப்பு. பந்து கிடைத்த பிறகு யார் எங்கே போவார்கள் என்பதைத் தீர்மானிப்பவை அவரவருக்குக் கொடுத்த ரோலும் பொறுப்பும்தான். ஆகவே ஸ்ட்ரைக்கர் இடத்தை அழித்தபோது நீங்கள் இழந்தது கோல் அடிப்பவரை என்பதைவிட, எதிரணி சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நிற்கும் முதல் தடுப்பாளரை. அந்த 31ஆவது நிமிடக் கோலுக்கு விளக்கம் இதிலேயே இருக்கிறது.

இதே காரணத்தால்தான், பயிற்சியாளர் ஸ்பல்லெட்டியின் ரோமா அணியை (இத்தாலியக் கிளப்) பலரும் 4-6-0 என்று எழுதினாலும் இந்த விளையாட்டில் அதை அப்படி வரையக் கூடாது என்பேன். 2005 டிசம்பரில் ஸ்ட்ரைக்கர்கள் காயத்தில் கிடந்தபோது, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் டோட்டி மேலே போனார். அந்தப் பருவத்தில் ரோமா லீகில் தொடர்ந்து 11 ஆட்டங்களை வென்றது. ஆனால் பந்து எதிரணியிடம் இருந்தபோது டோட்டிதான் எல்லாருக்கும் முன்னால் நின்றார். திரையில் அது ஃபால்ஸ் நைன் உள்ள 4-2-3-1 ஆகத்தான் வரும். உங்களுடையது உண்மையிலேயே காலியான இடம் என்பதால் அதற்கு வேறு கணக்குப் போட வேண்டும்.

அந்த ரோமாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. டோட்டி கீழே இறங்கும் அதே நொடியில் நடுக்கள வீரர் பெரோட்டா அவரைத் தாண்டிப் பெனால்டி பகுதிக்குள் ஓடினார். ஒருவர் காலி செய்த இடத்தை இன்னொருவர் நிரப்பினார். உங்கள் அணியில் அந்தப் பெரோட்டா யார்? முடிந்தால் விளையாட்டு காட்டும் வீரர்களின் சராசரி நிலைகளின் படத்தைப் பார்த்துவிட்டு, பந்து உங்களிடம் இருக்கும்போது மேல்வரிசை நால்வர் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதுங்கள்.

காலி_ஒன்பது:

பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. நால்வரும், வோலான்டேயும் சேர்த்து ஐவர், எதிரணிப் பெனால்டி பகுதிக்கு வெளியே ஒரே கொத்தாக நிற்கிறார்கள். உள்ளே ஒருவர்கூட இல்லை. ஃபால்ஸ் நைன் யோசனையை மறுப்பதற்குப் பிடிவாதம் காரணமல்ல. அந்த இடத்தில் ஆடப் பழகியவர் என்னிடம் ஒருவரும் இல்லை. நால்வருமே ஏஎம்சி (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் உள்ள தாக்குதல் நடுக்களம்) இடத்தில்தான் முழுப் பழக்கம் உள்ளவர்கள்.

பின்கோடு:

எதிர்பார்த்தது போலவே இருக்கிறது. டிரெக்வார்டிஸ்டா, பிளேமேக்கர், சப்போர்ட் விங்கர்கள் என எல்லாருமே பந்தைக் காலில் வாங்க வருகிறவர்கள். கல்யாண வீட்டில் எல்லாரும் பரிமாற நின்றால் இலையில் உட்கார ஆள் வேண்டாமா?

டிரெக்வார்டிஸ்டாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஷேடோ ஸ்ட்ரைக்கரைப் போடுங்கள். அந்த ரோலுக்கு அட்டாக் பொறுப்பு மட்டுமே உண்டு. பந்து உங்கள் வசம் வந்ததும் அவர் எதிரணியின் கடைசிக் கோட்டை நோக்கி ஓடத் தொடங்குவார். நால்வரில் பாஸிங் நன்றாக இருப்பவரை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆஃப் தி பால் (பந்தில்லாதபோது நகர்வு), ஆன்டிசிபேஷன் (முன்கணிப்பு), ஆக்ஸிலரேஷன் (சட்டென வேகமெடுத்தல்) ஆகிய மூன்றும் யாருக்கு அதிகமோ அவரையே போடுங்கள். எதிரணிப் பகுதிக்குள் ஓடும் பழக்கமும் அவருக்கு இருந்தால் இன்னும் நல்லது. பந்தை வாங்கக் கீழே இறங்கும் பழக்கம் உள்ளவர் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது.

அவர் இடப்பக்க ஏஎம்சியாக இருந்தால், வலது ஓரத்தில் அட்டாக் பொறுப்பில் ஓர் இன்சைட் ஃபார்வர்டை (ஓரத்திலிருந்து கோலை நோக்கி உள்ளே ஓடுபவரை) வைத்து, அவருக்குப் பின்னால் உள்ள விங் பேக்கைச் சப்போர்ட்டுக்கு இறக்குங்கள். இடது ஓரம் இப்போதிருப்பது போலவே இருக்கட்டும். வோலான்டேயைச் சப்போர்ட்டுக்கும், அவருடைய கூட்டாளியை டிஃபெண்ட் பொறுப்புக்கும் மாற்றினால், பந்தை இழக்கும்போது பின்னால் இருவராவது மிஞ்சுவார்கள். கிராஸை தாழ்வாகப் போடச் சொல்லுங்கள். தலையால் முட்ட ஆளில்லாத அணிக்கு உயரமான கிராஸ் எதற்கு?

அடுத்தது பிரஸ்ஸிங். இதில் பலரோடு நான் மாறுபடுகிறேன். மேலே ஆளில்லாத அணியை ஹை பிரஸ்ஸில் ஓடவிட்டால், ஏஎம்சிகள் தங்கள் இடத்திலிருந்து வெகுதூரம் ஓடி சென்டர் பேக்கை அடைவதற்குள் பந்து அவர்களைத் தாண்டிப் போய்விடும். பிரஸ்ஸிங் தொடங்கும் கோட்டை மிட் பிளாக்கிற்கு (நடுக்களத்துக்கு) இறக்கி, தற்காப்புக் கோட்டையும் ஸ்டாண்டர்டில் வையுங்கள். எதிரணி சென்டர் பேக்குகள் பந்தை வைத்துக்கொள்ளட்டும். நடுக்கோடு வரை நடந்தும் வரட்டும். அங்கே உங்கள் நால்வர் காத்திருப்பார்கள், அந்த சென்டர் பேக்குகளுக்குப் பின்னால் பாதி மைதானம் திறந்து கிடக்கும். ஷேடோ ஸ்ட்ரைக்கருக்கு வேண்டியது அந்த வெளிதான். எதிரணியை அவர்களுடைய பெட்டிக்குள்ளேயே அடைத்துவைத்தால் உங்கள் ஆள் ஓடுவதற்கு இடமே இருக்காது.

பெஞ்சில்_இருப்பவன்:

ஒப்புக்கொள்கிறேன். கூடவே, பந்தை மீட்டதும் கவுன்டர் செய்யும் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரணியின் கார்னரின்போது வேகமான ஒருவரையாவது மேலே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் நாம் வெளியே அடிக்கும் பந்தெல்லாம் திரும்பி நம்மிடமே வரும்.

காலி_ஒன்பது:

பத்து ஆட்டங்கள் கழித்து வருகிறேன். ஐந்து வெற்றி, மூன்று டிரா, இரண்டு தோல்வி. பந்து எங்களிடம் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது. முன்பு அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாந்திருக்கிறேன் என்று இப்போது புரிகிறது.

ஒரு கோலை மட்டும் முழு ஆட்டக் காட்சியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிரணியின் வலது சென்டர் பேக் பந்தோடு ஏறி வந்து, எங்கள் பிளேமேக்கருக்கும் விங்கருக்கும் நடுவே கொடுக்க முயன்றபோது பந்து பறிபோனது. பிளேமேக்கர் திரும்பிய கணத்தில், அங்கே மிஞ்சியிருந்த சென்டர் பேக் அவரை நோக்கி இரண்டடி முன்னே வைத்துப் பிறகு தயங்கினார். அந்தத் தயக்கத்துக்குள் ஷேடோ ஸ்ட்ரைக்கர் அவருடைய முதுகுப்புறமாக ஓடிவிட்டார். மார்க் செய்ய ஆளில்லாத சென்டர் பேக், வரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கும் அந்தக் காட்சிக்காகவே இந்த வியூகத்தைக் கைவிட மனம் வரவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு தோல்விகளும் கடைசிக் கால் மணி நேரத்தில் வந்தவை. ஷேடோ ஸ்ட்ரைக்கரும் இன்சைட் ஃபார்வர்டும் ஓடிக் களைத்த பிறகு, பின்களத்திலிருந்து அடிக்கும் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள மேலே யாருமில்லை. அதே பந்து நொடியில் திரும்பி வருகிறது.

பின்கோடு:

அதற்கு உங்கள் பெஞ்சிலேயே மருந்து இருக்கிறது. 2012 யூரோ இறுதியாட்டத்தில் ஸ்பெயின் நடுக்கள வீரர் ஃபாப்ரெகாஸை மேலே வைத்து, ஸ்ட்ரைக்கர் இல்லாமல்தான் இத்தாலிக்கு எதிராகத் தொடங்கியது. 75ஆவது நிமிடத்தில் அவரை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கர் டாரஸை இறக்கியபோது இத்தாலியர்கள் களைத்துப்போய், பத்துப் பேராக ஆடிக்கொண்டிருந்தார்கள். டாரஸ் ஒரு கோல் அடித்து, மாட்டாவின் கோலுக்கும் பந்து கொடுத்தார். ஆட்டம் 4-0 என முடிந்தது. காலி இடத்தைக் கடைசி நிமிடம் வரை காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்று ஸ்பெயின் நினைக்கவில்லை.

வேகமில்லாத உயரமான ஸ்ட்ரைக்கர் ஒருவர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா? விளையாட்டு நமக்கு மூன்று டாக்டிக்ஸ் இடங்களைத் தருகிறது. இரண்டாவது இடத்தில் அவரை டார்கெட் ஃபார்வர்டாக (நீளப் பந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்பவராக) வைத்து 4-2-3-1 ஒன்றை இப்போதே சேமித்துவிடுங்கள். அணி அதையும் பயிற்சியில் பழகிக்கொண்டிருக்கும். திடீரென்று ஆட்டத்தின் நடுவே வரைந்தால் பழக்கம் பாதியில்தான் நிற்கும். 70ஆவது நிமிடத்துக்கு மேல் முன்னிலையில் இருந்தால், ஷேடோ ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்து அவரை இறக்குங்கள். மற்றவர்களின் ரோல்களை முடிந்தவரை அப்படியே விடுங்கள்.

காலி_ஒன்பது:

சேமித்துவிட்டேன். நாளை மறுநாள் சொந்த மைதானத்தில் ஆட்டம். அந்த உயரமானவர் ஆடக் கிடைக்கவில்லை என்று போன வாரம்தான் என்னிடம் முறையிட்டார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு வழி கிடைத்தது.