அம்மம்மாட சீதன வீட்ட உடைக்காம வச்சிருக்க வழி சொல்லுங்க

கல்லடிப் பொடிச்சி:
மட்டக்களப்புப் புளியந்தீவுல எங்கட அம்மம்மாக்குச் சீதனமாக் குடுத்த வீடு, மறுகா அம்மாக்கு, இப்ப வீட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்ல. சுண்ணாம்புச் சாந்துல கட்டின தடிச்ச சுவர், முன்னுக்கு நீட்டு விறாந்தை, 1978 சூறாவளிக்கு ஓடெல்லாம் பறந்து சுவர் மட்டும் அசையாம நிண்டதாம், அந்த இரவு முழுக்க அயலாக்கள் எல்லாம் எங்கட நடு அறைக்குள்ளதான் இருந்தவங்க எண்டு அம்மா இப்பவும் சொல்லுவா. இப்ப சொந்தக்காரர் எல்லாம் உடைச்சுப்போட்டு மாடி கட்டு எண்டு நிக்கிறாங்க, எனக்கு மனமே வருகுதில்ல. வெளிநாட்டுல ஊருக்கு ஊர் வரலாற்றுச் சங்கம் இருந்து பழைய வீடுகளப் பராமரிக்கிறாங்களே, நம்மளும் அப்பிடி ஒண்டு தொடங்கேலாதா? இன்னொண்டு, சுவர்ர அடியில உப்புப் பூத்துக் கொட்டுது, மேசன் சீமெந்து பூசச் சொல்றார், பூசவா?

வாவிக்கரையான்:
தங்கச்சி, சீமெந்து மட்டும் பூசிராதீங்க! நிலத்து ஈரம் சுவருக்குள்ளால ஏறும், சுண்ணாம்பெண்டா அத வெளிய விடும், சீமெந்து அடைச்சுப்போடும், அடைச்சா ஈரம் இன்னும் மேல ஏறி உப்பத் தள்ளும். எங்கட வீட்டுக்கு அப்பா ஆசையாப் பூசுவிச்சார், கொஞ்ச வருசத்துல பாளம் பாளமாக் கழண்டு பழைய கல்லையும் சேத்து இழுத்துக்கொண்டு வந்துட்டு. பழுதான பூச்சக் கொத்தி எடுத்து, நல்லாக் காயவிட்டு, தண்ணி விட்டு நீத்த சுண்ணாம்ப ஊறவச்சு மணலோட குழைச்சுப் பூசுங்க. தெரிஞ்ச பழைய மேசன் ஆரும் இருந்தா இப்பவே பிடிங்க, பொடியன்மாருக்கு அந்த வேல தெரியா.

ஆசிரியர்:
சங்கம் கட்டாயம் வேணும். நம்மட ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டைய எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க, 1628ல போர்த்துக்கேயர் கட்டி 1638ல ஒல்லாந்தர் பிடிச்சது எண்டு பிள்ளைகளுக்கும் பாடம், ஆனா கோட்டையச் சுத்தி ஆக்கள் வாழ்ந்த வீடுகள் சத்தமில்லாமப் போகுது. காலி நகரத்துக் கோட்டை 1988ல உலக மரபுரிமையாகி, 1994ல அதுக்கெண்டே சட்டம் போட்டு ஒரு மன்றமும் வந்ததாலதான் அங்க வீடுகளும் தப்பினது. ஒண்டு மட்டும் யோசிங்க, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் எண்டு அரசாங்க வர்த்தமானில வந்தா மறுகா தொல்பொருள் திணைக்கள அனுமதியில்லாமத் திருத்த வேல செய்யேலா, வீட்டாக்களோட கதைச்சு முடிவெடுங்க.

காரைதீவாள்:
விபுலாநந்த அடிகள்ர ஊர்ல இருந்து எழுதுறன். நம்மட பக்கம் வீடு பொம்பிளப் பிள்ளைக்குத்தானே, அதால வீட்டுக் கதையும் தாய் வழியாத்தான் வருது, ஆர் கட்டினது, எந்தக் குடி (தாய்வழி வம்சம்), கிணறு எப்ப வெட்டினது எல்லாம் நம்மட பெரியம்மாமாருக்குத்தான் தெரியும். காத்தான்குடி, அக்கரைப்பற்றுச் சோனக (முஸ்லிம்) வீடுகளும் இப்பிடித்தான். சங்கம் பதியிறதுக்கு முந்தி அவங்களக் கதைக்க வச்சு போன்ல பதிவெடுங்க, உறுதியையும் ஸ்கேன் பண்ணி வையுங்க. வீட்ட மறுகாலும் கட்டலாம், அவங்க போனா ஆரிட்டக் கேக்கிறது?

கல்லடிப் பொடிச்சி:
மேசன நிப்பாட்டிட்டன். ஞாயிறு அம்மாவ அந்த வீட்டுக்குக் கூட்டிப் போறன், அறை அறையாக் கேட்டுப் பதியப் போறன். அளவெடுக்கத் தெரிஞ்ச ஆரும் வரேலுமெண்டா சொல்லுங்க.