கருடக்கொடியும் அழகி வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களும்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

மஞ்சக்குப்பம், கடலூர்:
மாமரத்தடி நிழலில் மூன்று ஆண்டுகளாகக் கருடக்கொடி வளர்க்கிறேன். ஐப்பசியில் நான் ஊரில் இல்லாத நான்கு நாளில், இலைகளை மொட்டையடித்திருந்த புழுக்களைக் கம்பளிப்பூச்சி என்று எண்ணிய என் மாமியார், கத்தரிக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தை ஆள்விட்டு அடிக்கச் செய்துவிட்டார். திரும்பி வந்தபோது 17 புழுக்கள் தரையில் சுருண்டு கிடந்தன. ஆனால் என்னை உறங்கவிடாதது மறுநாள் காலை கண்டதுதான். சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து, மருந்து திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்த அதே இலையின் அடியில் செம்மஞ்சள் முட்டையொன்றை ஒட்டிவிட்டுப் போயிற்று. ஓங்கிய கையோடு நான் விரட்டாமல் நின்றுவிட்டேன். விரட்டியிருக்க வேண்டுமா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
விரட்டினாலும், பக்கத்தில் வேறு கொடி இல்லையென்றால் அது அங்கேதான் திரும்ப வரும். மாமியாரைக் குறைசொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மழைக்காலத்தில் முருங்கையில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சி பட்டு உடம்பு தடித்தவர்களுக்கு எந்தப் புழுவைக் கண்டாலும் அச்சம் வரும். இந்தப் புழுவின் மேலிருப்பவை சுணை அல்ல, சதைப்பற்றான சிவந்த முனைகள். ஒன்றை என் அம்மாவின் உள்ளங்கையில் விட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோன்ற கொம்பை நீட்டி நாற்றம் வீசியது, அரிப்பு ஏதும் ஏற்படவில்லை. அம்மா கையை உதறாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாகூர்:
லாஸ்பேட்டை நண்பர் முட்டையை மறந்துவிட்டார். முட்டை ஒட்டிய இலைத்துண்டை நறுக்கி, மருந்து படாத வேறொரு கொடியின் இலையில் சேர்த்துவைக்கலாம். என் அனுபவம் சிறியது: 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் எங்கள் பூவரசு சாய்ந்தது; நிழலுக்குப் பழகிய கொடி வெயிலில் கருகியது; கீற்றுப் பந்தல் போட்ட பிறகே மீண்டது. அதனால் சொல்கிறேன், கொடியை ஒரே இடத்தில் நம்பியிருக்காதீர்கள். இரண்டு மூன்று மூலைகளில் வையுங்கள்; ஒன்றைப் புழுக்கள் தின்று தீர்க்கும்போது மற்றொன்று தழைத்திருக்கும். வெறும் தண்டாக நிற்பதைப் பட்டுப்போனதென்று பிடுங்க வேண்டாம், வேரிலிருந்து துளிர்க்கும். காய் முற்றினால் அடியில் வெடித்து உறிபோலத் தொங்கும். காற்று அள்ளிச்செல்லும் முன் தட்டையான விதைகளை எடுத்து வையுங்கள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெருமருந்து, ஈசுவரமூலி என்று இதே கொடியின் வேரைக் கஷாயம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். இதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். புழு அதைத் தின்று தன் உடம்பிலேயே நஞ்சாகச் சேர்த்துக்கொள்வதால்தான் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. நாம் புழு அல்லவே!

வில்லியனூர்:
எங்கள் வீட்டில் புழு கொடியைவிட்டு இறங்கி, என் சைக்கிளின் பிரேக் கம்பியில் நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாயிற்று. 12 நாள் டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். அது வெளிவந்த காலையில் தூறல். ஈரத்துணிபோலத் தொங்கிய இறக்கைகள் விறைக்கும்வரை குடை பிடித்து நின்றேன்.

மஞ்சக்குப்பம், கடலூர்:
பாகூர் நண்பருக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். இலை இருக்கிறது, முட்டை இல்லை. பொரிந்த புழு முதலில் முட்டையோட்டைத்தான் தின்னும் என்பதால், அது பொரிந்ததா, எறும்பு கொண்டுபோனதா என்று கண்டறிய வழியில்லை. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.