நரசிம்மர் முகமூடி: ரெசின் மூன்று நாளாகியும் காயவில்லை

பேவியூ தம்பி:
வணக்கம், தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். புரட்டாசியில் எங்கள் கோயிலில் பிரகலாதன் நாடகம், நரசிம்மர் முகமூடி என் பொறுப்பு. போன தடவை காகிதக் கூழில் செய்தது வியர்வையில் ஊறித் தாடை தொங்கிவிட்டது, அதனால் இந்தத் தடவை ஃபைபர்கிளாஸ். இதற்கு முன் நான் இதைத் தொட்டதே இல்லை. களிமண்ணில் சிங்க முகம் பிடித்து, ஈரம் காய்வதற்குள் வாஸ்லின் தடவி, அதன் மேலேயே மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு பாலியஸ்டர் ரெசின் (இறுகும் பிசின்) பூசினேன். ரெசினை இறுக வைக்கும் கேடலிஸ்டை மூடியில் ஒரு குத்துமதிப்பாக ஊற்றினேன். இப்போது வெளிப்பக்கம் ஒட்டுகிறது, களிமண் பக்கம் கூழாகவே இருக்கிறது, மூக்கோரத்தில் மேட் படியாமல் தூக்கி நிற்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா?

படகுப் பட்டறை:
தம்பி, வெளிப்பக்கம் ஒட்டுவது பெரிய விஷயமில்லை. சாதாரண பாலியஸ்டரின் மேல்தோல் காற்றுப் பட்டால் முழுதாகக் காயாது, அசிட்டோனில் துடைத்தால் சரியாகும். ஆனால் உள்ளே கூழாக இருப்பது களிமண் ஈரம், அல்லது கேடலிஸ்ட் குறைவு, அல்லது இரண்டும். நகத்தால் அழுத்திப் பார், பள்ளம் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடு, அதற்கு மேல் எதைப் பூசினாலும் நிற்காது.

புதிதாகச் செய்யும்போது களிமண் முகத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிக் குழி அச்சு எடு. அச்சு நன்றாகக் காயட்டும், அவசரப்படாதே. வார்னிஷ் பூசி அடைத்து, மெழுகு நாலைந்து தடவை தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் மேல் பிவிஏ (ரெசின் அச்சில் ஒட்டாமல் பிரிய உதவும் திரவம்) பூசு. இப்படி அச்சுக்குள்ளே போட்டால்தான் பிடரி மயிர், பல் எல்லாம் முகத்தின் வெளிப்பக்கத்தில் தெளிவாக வரும். மேட்டைக் கத்தரிக்காதே, கையால் பிய்த்து உள்ளங்கையளவுத் துண்டுகளாகப் போடு, கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். மூக்கு மடிப்புக்கு இன்னும் சின்னத் துண்டு. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு போதும். கண், வாய் ஓரத்தில் மட்டும் மூன்றாவது. கேடலிஸ்டை ஊசிக் குழாயில் அள, 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். 1-க்குக் கீழே போகாதே. ரப்பர் மாதிரி இருக்கும் நேரத்திலேயே ஓரத்தைக் கத்தியால் வெட்டிவிட்டால் பிறகு வாளோடு போராட வேண்டாம்.

லெனேசியா அக்கா:
எங்கள் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஜூலையில் குளிர்காலம், ராத்திரி குளிரில் ரெசின் இறுகவே இறுகாது, 15 டிகிரிக்குக் கீழே வேலையே செய்ய மாட்டோம். உனக்கு டர்பனில் அந்தக் கவலை குறைவு, ஆனால் மழை பெய்யும் நாளில் ஆரம்பிக்காதே.

நான் சொல்ல வந்தது வேறு. தயவுசெய்து வாசலில், காற்றோட்டத்தில் வேலை செய். ரெசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவிக்குத் தூசிக்கான துணிமுகமூடி உதவாது, கரி வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். கேடலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம், கண்ணாடி போட்டுக்கொள். கலந்து மிச்சமானதை டப்பாவோடு வீட்டுக்குள் வைக்காதே, அது இறுகும்போது கொதிக்கும், புகையும். உப்புத்தாளில் தேய்ப்பதை நீரில் நனைத்தே தேய். உன் அவசரத்துக்கு யார் முகத்திலும் நேராக ரெசின் பூசிவிடாதே, பையா. தெர்மோகோலில் முகம் செதுக்கவும் வேண்டாம், பாலியஸ்டர் அதைக் கரைத்துவிடும்.

பேவியூ தம்பி:
நகம் பதிந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். போடுபவர் என் தாய்மாமன், 58 வயது. எடை எவ்வளவு வரும் அண்ணா?

படகுப் பட்டறை:
இரண்டு அடுக்கு மேட் சதுர மீட்டருக்கு 600 கிராம், ரெசின் அதைப்போல இரண்டு மடங்கு, ஆக 1.8 கிலோ. உன் முகமூடி சதுர மீட்டரில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் 300 கிராம். அதற்கு மேல் போனால் ரெசினை அதிகமாக ஊற்றியிருக்கிறாய் என்று அர்த்தம்.

கூத்துக்காரர் பேரன்:
என் தாத்தா இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்கிற தெருக்கூத்து ஆடியவர். நரசிம்மர் முகம் போட்டவருக்கு அருள் வந்துவிடுவது உண்டு, தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூரில் அந்த முகத்துக்குப் பூஜையே செய்கிறார்கள். அதனால் பின்னால் முடிச்சுப் போடாதீர்கள், வெல்க்ரோ வையுங்கள், பக்கத்தில் நிற்பவர் ஒரே இழுப்பில் கழற்ற வேண்டும். சிங்க வாயைத் திறந்தே செய்யுங்கள், மாமா மூச்சும் விடணும், பாடவும் வேணும். உள்ளே நெற்றியிலும் தாடையிலும் ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள், கண்ணாடி நார் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது.

பேவியூ தம்பி:
வெல்க்ரோ எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. நாளை மாமாவை வரச்சொல்லித் தலைப்பாகையோடு அளவெடுக்கிறேன், பிளாஸ்டர் அதற்குப் பிறகுதான்.