பொருள்: ஒரு அரைப்புள்ளி விட்டால் நாலு பிழை – இதற்கு என்ன சொல்?

நாகர்கோவிலிலிருந்து, கணினி ஆசிரியர்:
வணக்கம். செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் முட்டுகிறது.

நேற்று பதினொன்றாம் வகுப்புப் பையன் முதல் சி நிரல் எழுதினான். நான்காம் வரியில் ‘இன்ட் ஐ’ அடித்து அரைப்புள்ளியை விட்டுவிட்டான். தொகுப்பி (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர்) ஐந்தாம் வரியைக் காட்டியது. பாவம், குற்றமே இல்லாத அந்த வரியை மூன்று தரம் அழித்து அடித்தான். ‘மார்க்’, ‘டோட்டல்’ மாறிகளை அறிவித்த அந்த வரியும் சேர்ந்து அடிபட்டதால் கீழே அவையெல்லாம் அறிவிக்கப்படாத மாறிகள் என்று பிழை. “சாரே, ஒண்ண விட்டா நாலு வருது” என்றான். ஒரு பிழைக்கு வாலாக வரும் இந்தப் பிழைகளை எப்படிச் சொல்வது? ‘தொடர்பிழை’ என்றால் தொடரியல் பிழை (சின்டாக்ஸ் எரர்) என்று படித்துவிடுகிறார்கள்.

அதங்கோட்டுப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
சொல் எங்கள் ஊரிலேயே கிடக்கிறது. தொல்காப்பியப் பாயிரம்: ‘அதங்கோட்டு ஆசாற்கு அரில்தபத் தெரிந்து’. அரில் என்றால் குற்றம். பின்னிக் கிடக்கும் தூறும் அரில்தான். பின்னிக்கொண்ட குற்றம் – உங்களுக்கு வேண்டியது அதுதானே? திருத்துவது அரில்தபுத்தல்.

தோவாளைக்காரன், இப்போது சென்னையில்:
ஐயா, பையன் அரிலை அரளி என்று வாசிப்பான். கடைமடைப் பிழை என்போம். கால்வாயின் கடைமடைக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணி வரவில்லை என்றால் அங்கேயே நின்று மண்ணை வெட்டி என்ன பயன்? மேலே ஏறிப்போய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கணும். இங்கேயும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி தொகுக்கணும். பாதி பிழை தானாகப் போய்விடும். முதலாவது தலைமடைப் பிழை.

தமிழாசிரியர்:
கடைமடையில் தண்ணீர் குறைகிறது. உங்கள் திரையிலோ பிழை பெருகுகிறது. உவமை தலைகீழ். அது கிடக்கட்டும், ‘தொகுப்பி’ என்பதே பொருந்தாது. அது மொழிபெயர்க்கிறது, எங்கே தொகுக்கிறது?

தோவாளை:
1952-இல் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்ற தொகுப்பியைச் செய்தபோது, நாடாவில் எழுதி வைத்திருந்த துணைநிரல்களை எடுத்துத் தொகுப்பதுதான் அதன் வேலை. பெயர் அப்படி வந்ததுதான். வேலை மாறியது, பெயர் ஒட்டிக்கொண்டது.

(இதன்மேல் எட்டு மடல். விட்டுவிடுகிறேன். – நாகர்கோவில்)

குளச்சலிலிருந்து, டியூஷன் எடுப்பவள்:
அண்ணா, எங்க பிள்ளைகள் மடையைக் கண்டதே இல்லை. சாரே முதல் மடலில் சொல்லிவிட்டாரே, ‘வாலாக வரும்’ என்று. வால்பிழை. நேற்றே வகுப்பில் சொன்னேன். “மக்கா, வாலைப் பிடிக்காதே, தலையைப் பிடி” என்று ஒருத்தன் பக்கத்துப் பையனைத் திருத்துகிறான்.

தமிழாசிரியர்:
வாற்பிழை என்றல்லவா வரும்?

தோவாளை:
வாலாகிய பிழை என்று விரித்தால் அல்வழி, அதாவது வேற்றுமை அல்லாத புணர்ச்சி. நன்னூல் ‘லள வேற்றுமையில் றடவும் அல்வழி அவற்றோடு உறழ்வும்’ என்கிறது. இரண்டும் சரி.

தமிழாசிரியர்:
வாலின்கண் பிழை என்று விரித்தால்? அது வேற்றுமை, வாற்பிழை மட்டும்தானே?

நாகர்கோவில்:
ஐயா, அச்சகத்திலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்கள். வால்பிழைக்கு ஐந்து பேர், கடைமடைக்கு ஒருவர், அரிலுக்கு நீங்கள். வால்பிழை என்றே போடுகிறேன். கடைமடையை விளக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன். எனக்கும் அது பிடித்திருந்தது.

தமிழாசிரியர்:
நான் உடன்படவில்லை. அடுத்த பதிப்புக்கு அரில் பற்றித் தனி மடல் எழுதுவேன். வாற்பிழை என்றாவது போடக்கூடாதா?